சோப்பு நுரையும் நுண்பாசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால் தென்பெண்ணையில் வெள்ளை வெள்ளையாக நுரை எழும்பும். அந்தக் காட்சி செய்தியில் வந்த மறுநாள், ஏரித் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்தவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நுரையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நுரை அடங்கிய பிறகு அந்தத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. என் கவலை அதைப் பற்றித்தான்.

சோப்புத்தூள்ல அப்படி என்னதான் இருக்கு?

முக்கியமாக இரண்டு சாமான்கள். ஒன்று, அழுக்கையும் எண்ணெயையும் துணியிலிருந்து பிரிக்கிற சர்ஃபாக்டன்ட். இதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். நுரைக்குக் காரணம் இதுதான். நம் ஊர்ப் பவுடர்களில் அதிகம் சேர்க்கப்படுவது லீனியர் அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட். பெயர் நீளம் என்பதால் இனி லாஸ் என்றே சொல்கிறேன்.

இன்னொன்று, உப்புத் தண்ணீரிலும் சர்ஃபாக்டன்ட் வேலை செய்ய உதவுகிற துணைப்பொருள். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இது பிடித்து வைத்துக்கொள்ளும். சலவைச் சோடா, ஜியோலைட், சோடியம் டிரைபாலிபாஸ்பேட் எல்லாம் இந்த வகை. கடைசியாகச் சொன்னதில் எடையில் கால் பங்கு பாஸ்பரஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இவை போக நொதிகள், வெளுப்பான், துணியைப் பளிச்சென்று காட்டும் சாயம், வாசனை என்று சில்லறைச் சேர்க்கைகளும் உண்டு.

நுண்பாசின்னா குளத்துப் படிக்கட்டுல வழுக்குமே, அதுவா?

அதுவும்தான். படிக்கட்டில் வழுக்குவது பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து படிந்த படலம். நான் இங்கே அதிகம் பேசப்போவது தண்ணீரில் மிதக்கிற, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத பாசிகளைப் பற்றி. குளோரெல்லா, சீனிடெஸ்மஸ் போன்ற பச்சைப் பாசிகள், கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் டயாட்டம்கள், நீலப்பச்சைப் பாசிகள் என்று பல கூட்டம். நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா வகை, ஆனால் ஒளிச்சேர்க்கை செய்வதால் பாசிகளோடு சேர்த்தே பேசுகிறோம். ஏரியின் சாப்பாட்டுச் சங்கிலி இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

கெலவரப்பள்ளியில வர்றது சோப்பு நுரைதானா? கம்பெனிக் கழிவுன்னு சொல்றாங்களே?

தண்ணீர் வருகிற வழியைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். பெங்களூருவின் ஒரு பெரும் பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பிறகு தட்சிண பினாகினி. அந்த ஆறுதான் எல்லை தாண்டியதும் நமக்குத் தென்பெண்ணை, அதன் குறுக்கே முதலில் நிற்பது கெலவரப்பள்ளி. லட்சக்கணக்கான வீடுகளின் குளியலறையும் வாஷிங் மெஷினும் அந்தத் தண்ணீரில் இருக்கின்றன. பெல்லந்தூரில் 2015 மே மாதம் நுரைமேலேயே தீப்பிடித்தது நினைவிருக்கலாம். சோப்பு எரியாது. கழிவில் கலந்த எண்ணெயும், ஏரியடியில் உருவாகும் மீத்தேனும் எரியும்.

நுரைக்குப் பெரும்பங்கு சர்ஃபாக்டன்ட்தான். அதனால் தொழிற்சாலைக் கழிவு இல்லை என்று ஆகிவிடாது. உலோகமும் சாயமும் நுரைக்காமலேயே வரும். நுரையைப் பார்த்து அவை இருக்கின்றன என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

மழை பெஞ்சா தண்ணி சேர்ந்து நுரை கம்மியாகணும். ஏன் ஜாஸ்தியாகுது?

காற்று கலந்த தண்ணீரில் பாக்டீரியாக்கள் லாஸைச் சில நாட்களிலேயே தின்று முடித்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. பெல்லந்தூர் போன்ற ஏரிகளின் அடிச்சேறு அப்படிப்பட்ட இடம். லாஸ் சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்டு அப்படியே சேர்ந்துகொண்டே போகும். பெருமழையில் வெள்ளம் புகுந்து சேற்றைக் கலக்கும்போது, மாதக்கணக்கில் சேர்ந்தது மொத்தமாக வெளியே வருகிறது. கூடவே கிளம்பும் நுண்துகள்களும் பாக்டீரியாக்களும் நுரைக்குமிழி உடையாமல் தாங்கிப் பிடிக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் பெல்லந்தூரை ஆராய்ந்து சொன்ன விளக்கமும் இதுதான். மதகில் தண்ணீர் விழுந்து சுழலும்போது காற்று ஏறுகிறது, நுரை மலைபோல் நிற்கிறது.

சோப்புத் தண்ணி பாசியைக் கொல்லுமா, வளர்க்குமா? ஏதாவது ஒரு பதில் சொல்லுங்க.

ஒரே பதில் கிடையாது, இரண்டும் நடக்கும். ஆனால் வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் நடக்கும். சர்ஃபாக்டன்ட் பாசிக்குத் தொல்லை, பாஸ்பேட் பாசிக்குச் சாப்பாடு. கழிவு விழுகிற இடத்தில் சர்ஃபாக்டன்ட் அடர்த்தியாக இருக்கும், அங்கே பாசி திணறும். ஆறு சில கிலோமீட்டர் ஓடி, காற்றுப் பட்டு, சர்ஃபாக்டன்ட் சிதைந்த பிறகும் பாஸ்பரஸ் அப்படியே இருக்கும். பாஸ்பரஸ் ஒரு தனிமம், அது சிதையாது. பாசிக்குள் போகும், பாசி செத்தால் சேற்றுக்குப் போகும், சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தால் மறுபடி தண்ணீருக்கு வரும். கீழே கிருஷ்ணகிரி அணையில் அடிவண்டலிலிருந்து இப்படிப் பாஸ்பரஸ் திரும்பி வருவதை ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 25 கிராம் பவுடரை 10 லிட்டர் வாளியில் கரைக்கிறோம், பவுடரில் 15 சதவீதம் லாஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 375 மில்லிகிராம் லாஸ். பல பச்சைப் பாசிகளின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க லிட்டருக்கு 10 முதல் 100 மில்லிகிராம் வரை போதும். ஆக, வாளித் தண்ணீர் நேராக விழும் குட்டையில் பாசிக்கு ஆபத்து. அதே வாளி நூறு வாளித் தண்ணீரில் கலந்துவிட்டால் அந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும்.

இப்போது பாஸ்பரஸ் பக்கம். அதே பவுடரில் 10 சதவீதம் டிரைபாலிபாஸ்பேட் இருந்தால், வாளியில் இருப்பது சுமார் 0.6 கிராம் பாஸ்பரஸ். ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவைத் தாண்டினாலே பாசி பெருகும் நிலை வந்துவிடும். அந்த அளவுக்கு 20,000 லிட்டரைக் கொண்டுபோக 0.6 கிராம் போதும், அதாவது இரண்டு தண்ணீர் லாரி. வேறு எதுவும் குறையாமல் கிடைத்தால் ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கும் மேல் உலர்ந்த பாசியை உருவாக்கும். கொல்லும் பகுதி நூறு வாளியில் அடங்கிப்போகிறது, வளர்க்கும் பகுதி இரண்டு லாரித் தண்ணீர்வரை போகிறது. நுரை போனதும் ஆறு சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறாததற்குக் காரணம் இதுதான்.

பாசியோட செல்லுக்குள்ள என்ன நடக்குது?

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. சர்ஃபாக்டன்ட்டின் எண்ணெய் விரும்பும் முனை அந்தச் சவ்வுக்குள் செருகிக்கொள்ளும். சவ்வு இளகி, உள்ளே இருக்கும் பொட்டாசியம் போன்றவை கசியும். இன்னும் உள்ளே போனால் பச்சையம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் படலங்களும் குலையும், ஒளிச்சேர்க்கை குறையும்.

நுண்ணோக்கியில் இதை நேராகவே பார்க்கலாம். நல்ல குளோரெல்லா செல் உருண்டையாக, கிண்ணம் போல வளைந்த பச்சையத்தோடு நிறைந்து இருக்கும். சோப்புத் தண்ணீரில் கிடந்த செல் வெளிறி, உள்ளே எல்லாம் ஒரு பக்கம் சுருங்கி, மணல்மணலாகத் தெரியும். இரண்டு கசைகளை அடித்துத் துள்ளிக்கொண்டு ஓடும் கிளாமிடோமோனஸ் முதலில் வேகம் குறையும், அப்புறம் ஒரே இடத்தில் நடுங்கும், பிறகு நின்றுவிடும்.

மிகக் குறைந்த அளவில் சில பாசிகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே வளர்வதும் உண்டு. அதைப் பார்த்து சோப்பு பாசிக்கு நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. அளவு ஏறியதும் அதே பாசி சரிந்துவிடும்.

எல்லா சோப்பும் ஒரே மாதிரிதான் பாதிக்குமா?

இல்லை. சலவைத்தூளில் இருக்கும் லாஸ் எதிர்மின் தன்மை உள்ளது. துணி மென்மையாவதற்கு ஊற்றும் கண்டிஷனரிலும், தரை துடைக்கும் பல கிருமிநாசினிகளிலும் இருப்பது நேர்மின் தன்மை உள்ள குவாட்டர்னரி அமோனியம் வகை. பாசி செல்லின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது என்பதால் இவை போய் இறுக ஒட்டிக்கொள்ளும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவிலேயே பல பாசிகளின் வளர்ச்சியை நிறுத்திவிடும். நுரையே வராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை.

அப்போ எல்லாப் பாசியும் ஒண்ணா செத்து, ஒண்ணா வளருமா?

பெரிய நஷ்டம் இந்த இடத்தில்தான். மென்மையான இனங்கள் முதலில் காணாமல் போகும், எதையும் தாங்கும் சில இனங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுத்தமான ஓடைக் கல்லைச் சுரண்டினால் பத்துப் பதினைந்து வகை டயாட்டம்கள் சாதாரணமாகக் கிடைக்கும். கழிவுநீர் ஓடும் இடத்தில் நிட்ஸ்கியா பாலியா போன்ற ஒன்றிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் தேங்கி வெயிலும் சேர்ந்தால் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி மேலே வந்து மிதக்கும். தன் செல்லுக்குள் காற்றுப்பை வைத்திருப்பதால் வெளிச்சத்துக்கு ஏறி, மற்ற பாசிகளுக்கு நிழல் போட்டுவிடும்.

பாசியைத் தின்னும் டாப்னியா என்ற தண்ணீர்ப்பேன் லாஸைப் பாசி அளவுக்குத் தாங்காது, லிட்டருக்குச் சில மில்லிகிராமிலேயே விழுந்துவிடும். மேய்கிற ஆள் போய்விட்டால், மிச்சமிருக்கும் பாசிக்குத் தடையே இல்லை.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. டாப்னியா பக்கத்தில் இருந்தால் சீனிடெஸ்மஸ் அதன் வாசனையை உணர்ந்து, தனித்தனிச் செல்லாக இருப்பதை விட்டு நான்கு, எட்டு என்று கூட்டமாக ஒட்டிக்கொள்ளும், விழுங்கச் சிரமமாக இருக்கட்டும் என்று. அந்த வாசனைப் பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அது சர்ஃபாக்டன்ட் குடும்பத்தைச் சேர்ந்த அல்கைல் சல்ஃபேட் வகையாக இருந்தது. நெதர்லாந்து ஆய்வகங்களில் கடைச் சர்ஃபாக்டன்ட்டைப் போட்டபோதும், டாப்னியா இல்லாமலேயே, சீனிடெஸ்மஸ் கூட்டம் சேர்ந்தது. கூட்டமான பாசி சீக்கிரம் அடியில் இறங்கும், வெளிச்சம் குறையும். அதாவது கொல்லாத அளவிலும் சோப்பு ஒரு பொய்யான எச்சரிக்கையாகி, பாசியின் பிழைப்பைக் குழப்பிவிட முடியும்.

பாசி செத்தா நல்லதுதானே? தண்ணி தெளிவாகும்ல?

சாகிற பாசி மட்க வேண்டும், மட்க ஆக்சிஜன் வேண்டும். பகலில் தண்ணீருக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்ததும் இதே பாசிதான். அளவுக்கு மீறிப் பெருகிய ஏரியில் இரவு முழுக்க பாசியும் பாக்டீரியாவும் மூச்சுவிட்டு, விடியும் நேரத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் செத்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பாஸ்பேட்தான் காரணம்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?

இதைச் சோதிக்க ஒரு ஏரியையே பயன்படுத்தியிருக்கிறார்கள். 1960-களில் வட அமெரிக்காவின் ஈரி ஏரி பாசியால் நாறியபோது, காரணம் கார்பன்தான், பாஸ்பேட் இல்லை என்று சோப்புத் துறை ஒரு பக்கம் வாதாடியது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் காட்டுப் பகுதியில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226 என்ற எண்ணுள்ள ஏரி நடுவில் இடுப்பு ஒடுங்கியது. 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் அந்த இடுப்பில் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பக்கம் மட்டும் பச்சைப்பசேல் என்று ஆனது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் நீரியல் வகுப்புகளில் இன்றும் காட்டப்படுகிறது.

அதற்கு முன்பே, 1972-இல், அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளுக்காக ஒப்பந்தம் போட்டுப் பாஸ்பரஸைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. சுவிட்சர்லாந்து 1986-இல் சலவைத்தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் கடும் வரம்பு கொண்டுவந்தது.

பாக்கெட்ல 'பாஸ்பேட் இல்லை', 'மக்கும் தன்மை'ன்னு போட்டிருக்கு. அப்புறம் என்ன?

பாஸ்பேட் இல்லை என்றால் நல்லது, அதையே வாங்குங்கள். மக்கும் தன்மை என்பது சர்ஃபாக்டன்ட்டுக்கு மட்டும் பொருந்தும், அதுவும் ஆக்சிஜன் இருக்கிற இடத்தில். மழைக் கேள்வியில் சொன்ன சேற்றுக்குள் அந்த வாக்குறுதி செல்லாது. ஆனாலும் அந்தத் தன்மை சும்மா வந்துவிடவில்லை. 1950-களில் இருந்த கிளைச் சங்கிலி சர்ஃபாக்டன்ட் மக்கவே மக்காமல் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரைத்தது. ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டது, 1960-களின் நடுவில் தொழில்துறை நேர்ச் சங்கிலி கொண்ட லாஸுக்கு மாறியது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரிக்கு வரும் பாஸ்பரஸில் சோப்பு ஒரு பங்குதான். ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் பாஸ்பரஸை மலத்திலும் சிறுநீரிலும் வெளியேற்றுகிறார். வயல் உரமும் சேர்கிறது. சோப்பை மட்டும் மாற்றிவிட்டு சாக்கடையை ஏரிக்குள் விட்டுக்கொண்டே இருந்தால் ஏரி தெளியாது.

பூந்திக்கொட்டை, சீயக்காய் போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?

அவற்றில் நுரைப்பது சப்போனின். அதுவும் சர்ஃபாக்டன்ட்தான், செடி தயாரித்தது. மீனின் செவுளுக்குச் சப்போனின் நஞ்சு. இறால் பண்ணைகளில் வேண்டாத மீனைக் கொல்ல தேயிலைக்கொட்டைப் பிண்ணாக்கு போடுவது அதிலுள்ள சப்போனினுக்காகத்தான். வீட்டு அளவில் பூந்திக்கொட்டை நல்ல மாற்று, பாஸ்பேட்டும் இல்லை. குளத்துக்குள்ளேயே நின்று அலசினால் மட்டும், இயற்கை என்பதற்காக அது மன்னித்துவிடாது.

பச்சையான தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கலாமா? மாடு குடிச்சா?

வேண்டாம். மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஏடு படிந்திருக்கும் கரையில் மாட்டை இறக்காதீர்கள். உலகின் பல நாடுகளில் கால்நடைகள் இப்படிச் செத்திருக்கின்றன.

சோப்பைப் பொறுத்தவரை, இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 எதிர்மின் சர்ஃபாக்டன்ட்டுக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரம்பு வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே இல்லாதபோது 1 மில்லிகிராம்.

சுத்திகரிப்பு நிலையம்தான் கட்டியிருக்காங்களே?

சாதாரண நிலையம் காற்றை ஊதி பாக்டீரியாவை வளர்ப்பது. ஒழுங்காக ஓடினால் லாஸில் பெரும்பகுதியை முடித்துவிடும். பாஸ்பரஸில் ஒரு பகுதியை மட்டுமே பிடிக்கும். மிச்சத்தை எடுக்க படிகாரமோ இரும்பு உப்போ சேர்த்துப் படியவைக்க வேண்டும், அல்லது அதற்கென்று வடிவமைத்த உயிரியல் முறை வேண்டும். உங்கள் ஊர் நிலையத்தைப் பற்றிக் கேட்பதானால் எத்தனை லட்சம் லிட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள், வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

நுரைமேல மருந்து அடிச்சா அடங்கிடுதே?

குமிழி உடையும், அவ்வளவுதான். சர்ஃபாக்டன்ட்டும் பாஸ்பரஸும் தண்ணீரோடு கீழே போகும். டெல்லியில் யமுனைமேல் சத் பூஜை நேரத்தில் இப்படி அடிக்கிறார்கள். பார்வைக்குத் தீர்வு.

பாசியை வச்சே சோப்புத் தண்ணியைச் சுத்தம் பண்ணலாமாமே?

பண்ணலாம். ஆழமில்லாத குட்டையில் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருந்தால், குளோரெல்லாவும் சீனிடெஸ்மஸும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சும். அவை விடும் ஆக்சிஜனில் பாக்டீரியா லாஸைத் தின்னும். நல்ல கூட்டணி. இரண்டு நிபந்தனைகள்: உள்ளே வரும் சோப்பு பாசி தாங்கும் அளவில் இருக்க வேண்டும், வளர்ந்த பாசியை அறுவடை செய்து வெளியே எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் பாசி செத்து, பாஸ்பரஸ் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆகாயத்தாமரையை வளரவிட்டு அப்படியே அழுகவிடும் ஏரிகளிலும் இதே கதைதான்.

பாட்டில்ல எடுத்துக் குலுக்கி, நுரை நின்னா சோப்புன்னு சொல்லிடலாமா?

சந்தேகப்படலாம், சொல்லிவிட முடியாது. மட்கிய இலையும் செத்த பாசியும் கூட நுரைக்கும், கடலில் சில நுண்பாசிகள் பெருகிச் சாகும்போது கரை முழுக்க நுரை ஒதுங்கும். இயற்கை நுரை பெரும்பாலும் பழுப்பாக, மண்வாசனையோடு இருக்கும். உறுதி செய்ய ஆய்வகத்தில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்து, குளோரோஃபார்மில் ஏறும் நீல நிறத்தை அளப்பார்கள். மாதிரி எடுத்தால் அன்றே ஐஸில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். வழியிலேயே பாக்டீரியா லாஸைத் தின்றுவிட்டால் அளவு குறைத்துக் காட்டும்.

துவைச்ச தண்ணியைத் தென்னைக்கு விடலாமா?

சாக்கடை வழியாக ஏரிக்குப் போவதைவிட இது மேல். காற்றோட்டமான மண்ணில் லாஸ் சிதையும், பாஸ்பரஸை மண்ணும் வேரும் பிடித்துக்கொள்ளும். கவலை சோடியத்தில் இருக்கிறது. சலவைச் சோடா கலந்த தண்ணீரையே தினமும் ஊற்றினால் களிமண் இறுகி, தண்ணீர் இறங்காமல் போகும். ஒரே மரத்துக்கு விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள், நடுவில் நல்ல தண்ணீரும் பாய்ச்சுங்கள், கிணற்றை ஒட்டி விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரையும், கண்டிஷனர் ஊற்றிய கடைசி அலசலையும் மட்டும் வேருக்கு விட வேண்டாம். அந்தக் கண்டிஷனரே இல்லாமல் துவைத்துப் பாருங்கள். நம் வெயிலில் காயும் பருத்தித் துணிக்கு அது தேவைப்படுவதில்லை.